காலாண்டின் கடைசி நாள்

பத்து மாவுங்கில் மழை. மாலை நாலேகால்.
வங்கியிலிருந்து ஹஸ்வானி அழைக்கிறாள்:
"கட்டியாச்சா, காக்?"
கட்டியாச்சு.
நாற்பத்தோரு மில்லியன் ரிங்கிட்.
இன்று இரவு யாருக்கும் நாங்கள் கடன்காரர்கள் இல்லை.
ஏப்ரல் மூன்று, திங்கள் காலை
அதே பணம் அதே வாசல் வழியே திரும்பி வரும்,
சற்றே விலை கூடி.

இடையில் ஒரே ஒரு புகைப்படம்.
இருப்புநிலைக் குறிப்பு என்று அதற்குப் பெயர்.
வயிற்றை உள்ளே இழுத்து
மூச்சுப் பிடித்து நிற்கிறோம்.

வாரியத்துக்கு நான் வரைந்து தருவது
எட்டுக் காலாண்டு, எட்டுப் புள்ளி.
குறுகிய காலக் கடன் மெல்லச் சரிகிறது,
தெலுக் கும்பாரில் கடலுக்கு இறங்கும் சாலைபோல.
நாள்வாரியாகப் போட்ட இன்னொன்று
என் மேசை இழுப்பறையில் இருக்கிறது.
அது கொடிமலை ரயில்.
எட்டே எட்டு நாள் மட்டும்
அடிவாரத்தில் நின்றுவிட்டு
உடனே ஏறுகிறது.

ஏன் என்று கேட்டால்
ஆர்டர் பெருகிவிட்டது என்பேன். பொய்யில்லை.
டைட்டேனியம் முன்பணம் கேட்கிறது.
வாங்குகிறவனோ
பொருளை ஏற்று, சோதித்து, முத்திரை குத்தி
நூற்றிருபது நாள் கழித்துத் தருகிறான்.
அவன் ஓர் அரசாங்கம்,
அல்லது அரசாங்கத்துக்கு விற்பவனுக்கு விற்பவன்.
நடுவிலுள்ள பள்ளத்தில்
தொண்ணூறு நாள் பணத்தைக் கொட்டுகிறோம்.
தொண்ணூறாவது நாள் கடனைத் திருப்புவதில்லை,
திருப்பிப் போடுகிறோம்,
ரொட்டிச் சானாய்போல.
கருகாமல் பார்த்துக்கொள்ளத்தான்
எனக்குச் சம்பளம்.

பாகம் 7714.
உள்ளங்கை அளவு, நான்கு துளை.
எங்கே பொருந்தும் இது என்று
ஒருமுறை கேட்டுவிட்டேன்.
நிதி இயக்குநர் ஊய் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"துடுப்பில்."
எதன் துடுப்பில்?
துடைத்த கண்ணாடியையே மறுபடி துடைத்தார்.
இருபது ஆண்டு கெடாது என்று
எழுதிக் கொடுத்திருக்கிறோம் அதற்கு.
அதைச் செய்த பணத்தின் ஆயுள்
ஒரு பருவமழை.

மத்தியானம் தணிகைவேல் பேசினார்,
பாலத்துக்கு அந்தப் பக்கம், புக்கிட் மிஞ்ஞாக்கிலிருந்து.
அந்த நான்கு துளைகளின் பிசிறை
அரைத்தெடுப்பது அவர் பட்டறை.
ஒன்பது பேர். அதில் இருவர் நேப்பாளிகள்,
பெர்மிட் புதுப்பிக்க வேண்டியவர்கள்.
நூற்று முப்பத்தேழு நாளாக அவருக்குப் பாக்கி.
"பேங்குக்கு இன்னிக்குக் கட்டிட்டீங்களாமே?"
யார் சொன்னது என்று நான் கேட்கவில்லை.
"நல்லது. அப்ப நமக்கு?"

அடுத்த பட்டுவாடாவில் என்றேன்.
சரிங்க என்றார்.
குரல் உயரவில்லை.
ஆனால் எப்போது பேசினாலும்
அவர் பேச்சுக்குப் பின்னால் கிறீச்சிடும் அரைசக்கரம்
இன்று கேட்கவில்லை.
மணி இரண்டு, வேலை நாள்.

அவர் எங்களுக்குத் தந்திருப்பதற்கு வட்டி கிடையாது.
வரைபடத்தில் இடமும் கிடையாது.
வணிகக் கொடுபடல் என்று
வேறு பக்கத்தில் கிடக்கிறது,
கடன் என்ற சொல்லின் விரல் படாமல்.
ஹஸ்வானிக்கு இன்று கொடுத்த பணத்தில்
அவருடையது எத்தனை என்று
கணக்குப் போட்டால் வரும்.
போடவில்லை.

ஆறு மணி. ஊய் போய்விட்டார்.
திங்கட்கிழமைப் பட்டுவாடாப் பட்டியலைத் திறந்து
முப்பத்தெட்டாவது இடத்திலிருந்த தணிகைவேலை
முதல் வரிக்கு இழுத்து வைத்தேன்.
கணினி காரணம் கேட்டது.
தேர்ந்தெடுக்க மூன்றே மூன்று:
சட்ட நடவடிக்கை, நிர்வாக உத்தரவு, மற்றவை.

மற்றவை.
விவரம் எழுதவும் என்றது.
சக்கரம் ஓடவில்லை என்று எழுதினேன்.

திங்களன்று ஊய் கேட்பார், என்ன சக்கரம் என்று.
7714 இனி வராது என்பேன்.
அது அவருக்குப் புரியும்.