ஏழாவது டேக்

இரண்டு நிமிடம். அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.
ஒரு திகில் படத்தின் தொடக்கம் மட்டும்.
மீதிப் படம் யாருக்கும் தேவையில்லை.
கொலைகாரன் யாரென்று
எங்களுக்கே தெரியாது.

சர்வின் எழுதிய முதல் வரைவில் ஒரு கத்தி இருந்தது.
ஆபத்து மதிப்பீட்டுப் படிவத்தில்
மிஸ் கோ அதைச் சிவப்பு மையால் அடித்தார்.
கத்தி கயிறானது. கயிற்றையும் அடித்தார்.
கடைசியில் மிஞ்சியது ஒரு குடை.
குடையோடு ஒருவன் பின்னால் வந்தால்
பயந்து ஓடுவாளா, ஒதுங்க இடம் கேட்பாளா
என்று காப்பிக்கடையில் அரைமணி நேரச் சண்டை.
மூன்று தே ஓ ஆறிப்போனது.

பதினெட்டுக் கட்டம் போட்டு வரைந்தோம்.
எனக்கு மனிதர்களை வரைய வராது.
நஸ்ரின் ஒரு தீக்குச்சி.
குடைக்காரன் இன்னொன்று, கொஞ்சம் தடிமன்.

புக்கிட் பாத்தோக், பலமாடிக் கார்பேட்டை, ஐந்தாம் தளம்,
சனிக்கிழமை இரவு ஒன்பதுக்கு மேல்.
தள்ளுவண்டிக்குள் குந்தி உட்கார்ந்து
ஜுன் ஹாவ் கேமராவைப் பிடித்துக்கொள்ள
நான் தள்ளினேன்.
முதல் டேக்: சக்கரம் கிறீச்சிட்டது.
இரண்டாவது: வெள்ளை வேன் ஒன்று
இடம் தேடி மூன்று சுற்று சுற்றியது.
மூன்றாவதில் குடை தானாக விரிந்தது.
நான்காவதில் நஸ்ரின் சிரித்தாள்,
ஐந்தாவதில் எல்லாரும்.
ஆறாவது எதற்கு வீணானது, நினைவில்லை.

ஏழாவது.
தூணைத் தாண்டி நடக்கிறாள்.
பைக்குள் தொலைபேசி அடிக்கிறது.
எடுத்துத் திரையைப் பார்க்கிறாள்.
பேசவில்லை. அணைத்துவிட்டுத் திரும்புகிறாள்,
குடைக்காரன் இல்லாத பக்கம்.

"கட்! போன ஆஃப் பண்ணுன்னு சொன்னேன்ல?"
தலையாட்டினாள்.
எட்டாவது டேக் நன்றாக வந்தது. கைதட்டினோம்.

மேல்கட்டிலில் அண்ணன் குறட்டை,
என் காதில் ஹெட்போன், மடியில் கணினி.
எட்டாவதில் அவள் பயந்தாள்,
சரியான இடத்தில், நாங்கள் சொன்னபடி.
ஏழாவதை அழிக்குமுன் ஒருமுறை ஓட்டினேன்.
பிறகு மெதுவாக.
பிறகு சட்டகம் சட்டகமாக.
பத்தொன்பது சட்டகம், ஒரு நொடிகூட இல்லை.
முதலில் அசைவது புருவம் அல்ல, தொண்டை.
எதையோ விழுங்குகிறாள்.
அதன்பின் கண்கள்
கார்பேட்டையை விட்டே போய்விடுகின்றன.

அதை வெட்டி ஒட்டியதும்
படம் சட்டென்று படமானது.
"டேய், தங்கம்டா இது. போடு," என்றான் சர்வின்.
பூட்டை நான் நெம்பும்போது
அவன் டார்ச் பிடித்ததுபோல் இருந்தது.

இரண்டு நாற்பதுக்கு அவளுக்கு அனுப்பினேன்:
ஏழாவதுல உன் முகம் இருக்கு. வைக்கவா?
இரண்டு நீலக்குறி.
எழுதுகிறாள்.
நிறுத்துகிறாள்.
எழுதுகிறாள்.
அதைவிடத் திகிலான எதையும்
நாங்கள் அன்றைக்கு எடுக்கவில்லை.

முதல் ரயில் மேலே ஓடியபோது பதில் வந்தது:
வச்சுக்கோ. சத்தத்த மட்டும் எடுத்துடு.

எடுத்தேன்.
அழைப்பு மணி இருந்த இடத்தில் பள்ளம் விழுந்தது.
காற்றைக் கொட்டினேன், போதவில்லை.
பல்கூடத் துலக்காமல் வெளியே போய்
எங்கள் புளோக் மின்தூக்கியின் 'டிங்'கைப் பதிவுசெய்தேன்.
சீருடையில் நின்ற ஒரு சிறுமி
இரண்டு மின்தூக்கியை விட்டுவிட்டு
மூன்றாவதில் ஏறினாள்.

திரையிட்டு விளக்குப் போட்டதும்
மிஸ் கோ கேட்டார்,
அந்த இடத்தில் என்ன சொல்லி நடிக்க வைத்தீர்களென்று.
சர்வின் வாயைத் திறந்தான், மூடினான்.
ஜுன் ஹாவ் வயரைச் சுருட்டத் தொடங்கினான்.
"குடைய நெனச்சுக்கிட்டேன் மிஸ்," என்றாள் நஸ்ரின்.
வகுப்பே சிரித்தது.

தொடர்ச்சியில் மட்டும் இரண்டு மதிப்பெண் போனது.
தூணுக்கு முன்னால் முடிந்திருந்த கூந்தல்
தூணுக்குப் பின்னால் அவிழ்ந்து கிடக்கிறதாம்.
எப்போது அவிழ்ந்தது என்று
அவளுக்கே தெரியவில்லை.
யார் அழைத்தது என்று
நான் இன்னும் கேட்கவில்லை.