வலிக்காத கடி

மழை விட்ட மூன்றாம் வாரம்
ஏற்காட்டில் புல் முழங்காலைத் தொடும்.
அதன் நுனியில் ஒன்று காத்திருக்கும்.
பூச்சி என்றால் கண்ணில் படுகிற பூச்சி இல்லை.
ஓர் ஆய்த எழுத்தை எழுதி
இரண்டு புள்ளியை அழித்துவிட்டால்
மிச்சப் புள்ளியில் நாலு உட்காரும்.

குஞ்சுப் பருவம், ஆறு கால்,
இந்தப் பருவத்துக்கு ஒரே ஒரு சாப்பாடு.
ரத்தம்கூட அதற்கு வேண்டாம்,
தோலைக் கரைத்துக் கஞ்சியாக்கிக் குடிக்கும்.
எலி கிடைத்தால் எலி,
காப்பி பறிக்க வந்த இடுப்பு கிடைத்தால் அது.
வயிறு நிறைந்ததும் மண்ணில் விழுந்து
நம்மை மறந்துவிடும்.
அம்மாவிடமிருந்து முட்டையிலேயே வாங்கி வந்த கிருமியை
நம்மிடம் விட்டுவிட்டு.

அந்தக் கிருமி
ரத்தக் குழாயின் உட்சுவரில்
செல்லுக்குள்ளேயே குடியேறிவிடும்.
வாசலில் நின்று கூப்பிடுகிற ஊசிகளுக்கெல்லாம்
அது கதவு திறப்பதில்லை.

சடைச்சி, வயது நாற்பத்தொன்று.
மஞ்சக்குட்டைப் பக்கம், காய்ச்சல் எட்டாம் நாள்.
சேலத்தில் ஐந்து ரோட்டில் காட்டிவிட்டு வந்திருந்தார்.
மஞ்சள் பைக்குள்
டெங்கு இல்லை மலேரியா இல்லை டைபாய்டு இல்லை,
ஒவ்வோர் இல்லைக்கும் ஒரு ரசீது.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
பேருந்து ஜன்னலோடு தலை.

பிலோமினா சிஸ்டர் திரையை இழுத்தார்.
"வெக்கப்படாதீங்கக்கா, ஒரே ஒரு பொட்டு தேடுறோம்."
காதுக்குப் பின்னால். அக்குள்.
மார்பின் அடி மடிப்பு.
டார்ச்சு வெளிச்சம்
சர்வேக்காரர் போல அங்குலம் அங்குலமாக நகர்ந்தது.

கார்த்திகையில் நான் இப்படித் தேடவில்லை.
அன்று படுத்திருந்தவர் ஐம்பது வயது ஆண்.
சட்டையைக் கழற்றச் சொன்னேன்,
வேட்டியைச் சொல்ல வாய் வரவில்லை.
அவரும் அதை இறுக்கிப் பிடித்திருந்தார்.
இரண்டு பேரும் அதற்கு
மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டோம்.

பதினைந்து நாள் கழித்து
குடும்ப அட்டை நகலோடு அவர் மனைவி வந்தார்.
ஏதோ ஒரு படிவத்துக்குக் கையெழுத்து வேண்டுமாம்.
போகிற போக்கில்தான் சொன்னார்,
"குளிப்பாட்டும்போது பார்த்தோம் டாக்டர்,
தொடையிடுக்குல பீடி சுட்டாப்ல ஒரு கருப்பு.
அவரு பீடி குடிக்க மாட்டாரே."
அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.
எங்கே போட வேண்டும் என்று நான்தான் கேட்டேன்,
கையெழுத்தை.

"இருக்கு."
பாவாடை நாடாவுக்கு அடியில்,
சேலை செருகுகிற இடத்தில்,
கருகிய பொருக்கு. சுற்றிலும் சிவப்பு வளையம்.
சடைச்சி தலையைத் தூக்கிப் பார்த்தார்.
"இதா? இது அரிக்கவும் இல்ல, வலிக்கவும் இல்லையே."
வலித்திருந்தால் நீங்களே சொல்லியிருப்பீர்கள் அக்கா.

ரத்தம் கீழே போய் முடிவு மேலே வர
இரண்டு நாள் ஆகும்.
காத்திருக்கவில்லை.
டாக்சிசைக்ளின்,
காசில்லாமல் கொடுக்கிற மாத்திரை.
கார்த்திகையிலும் இதே அலமாரியில்
இதே டப்பாவில்தான் இருந்தது.

மூன்றாம் நாள் காலை காய்ச்சல் இறங்கி
இட்லிக்குக் காரச் சட்னி கேட்டார்.
முழுக்கைச் சட்டை, புல்லில் துணி காயப்போடாதீர்கள்,
வேலை முடிந்ததும் தேய்த்துக் குளியுங்கள் என்று
நான் ஒப்பித்துக்கொண்டிருந்தபோது குறுக்கிட்டார்,
"அந்தப் பூச்சி இப்ப எங்க?"
மண்ணுக்குள்ள போயிருக்கும்.
"அதுக்கு ஒண்ணும் ஆகலையா?"
ஒண்ணும் ஆகாது.
"சரிதான்" என்று
சட்னியைத் துடைத்து எடுத்தார்.

ஞாயிறு மாலை லேடீஸ் சீட் பக்கம்
நானும் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.
அறைக்கு வந்து தாழ்ப்பாள் போட்டு
விளக்கடியில் நின்றேன்.
கணுக்கால், முழங்கால் மடிப்பு, தொப்புள்.
இந்த உடம்பை இவ்வளவு பக்கத்தில் பார்த்து
எத்தனை வருஷமாயிற்று.
கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பிடித்தும்
முதுகில் பாதி தெரியவில்லை.

தாழ்ப்பாளை நீக்கி
பிலோமினா சிஸ்டரைக் கூப்பிட்டேன்.
டார்ச்சோடு வந்தார்.