தாமதி

கடவுச்சீட்டில் தாமாத்தி.
அவர்கள் நாக்கில் தோமையார் அப்படி ஆகியிருக்கிறார்.
எங்கள் வாயில் அது தாமதி ஆயிற்று.
காலையில் லாட்ஜ் வாசலில் ஹாரன் அடித்து
"தாமதி, சீக்கிரம்" என்பேன்.
எனக்கே சிரிப்பு வரும்.

காற்றாடி இறக்கையில் விழுந்த வெடிப்பை ஒட்ட
நியூசிலாந்திலிருந்து ஆறு வாரத்துக்கு வந்தவன்.
நான் ஜீப்.
எண்பது மீட்டர் உயரத்தில் கயிற்றில் தொங்கிவிட்டு
இறங்கியதும் அவன் கேட்பது ஒன்றுதான்.
பணகுடி விலக்கில் நிறுத்துவேன்.

"உங்க ஊர்ல என்ன திம்பாவ?"
மாவை வீசிக்கொண்டே மாஸ்டர் சங்கிலிபூதம்.
என் பத்தாம் வகுப்பு இங்கிலீஷில் ஏறி
கேள்வி மறுகரை போயிற்று.

தாமதி மேசைமேல் கையால் குழி தோண்டினான்.
கல்லைப் பழுக்கக் காய்ச்சிக் குழிக்குள் இறக்கி
அதன்மேல் பன்றி, கோழி, சீனிக்கிழங்கு.
ஈரச் சாக்கு. மண்.
அப்புறம் நாலு மணி நேரம்
சுற்றி உட்கார்ந்து ஊர்க்கதை பேச வேண்டும்,
அதுவும் சமையலில் சேர்த்தி.
சீனிக்கிழங்குக்கு அங்கே பேர் குமரா.
"நம்ம செந்தூர்க்காரனையா கூப்பிடுதாவ?"
மாஸ்டர் கல்லில் எண்ணெய் விட்டான்.

"தெனமுமா?"

தினம் எதற்கு. சாவுக்கு, கல்யாணத்துக்கு,
ஊர் கூடினால்.
மற்ற நாள் பெட்ரோல் பங்கில்
சூட்டுப் பெட்டிக்குள் காத்திருக்கும் கறி அடைத்த பை.
வெள்ளிக்கிழமை, தாளில் சுருட்டிய
பொரித்த மீனும் உருளைக்கிழங்கும்.
அவசரத்துக்குப் பாக்கெட் நூடுல்ஸ்.
அப்பாவுக்குச் சர்க்கரை. இடது காலில் இரண்டு விரல் இல்லை.
அதைச் சொன்னபோது மட்டும்
பரோட்டாவைப் பிய்ப்பதை நிறுத்தினான்.

"நீங்கள்?"

நான் ஆரம்பித்தேன்.
உளுந்தங்களி, குழியில் நல்லெண்ணெய் தேங்க, கருப்பட்டியோடு.
தேங்காய்ப்பால் சொதி, தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி.
கூட்டாஞ்சோறு. தையில் பனங்கிழங்கு.
சொல்லச் சொல்ல எனக்கே வாய் ஊறியது.
"நேற்று எது சாப்பிட்டாய்?"

நேற்று பரோட்டா.
முந்தாநாளும்.
ஞாயிற்றுக்கிழமை சின்னவள் அடம்பிடித்து பிரைட் ரைஸ்.
களி கடைசியாக, பெரியவள் சமைந்தபோது.
அவள் இப்போது காலேஜ் இரண்டாம் வருஷம்.

சங்கிலிபூதம் ஒன்றும் சொல்லவில்லை.
என் இலையில் இன்னொன்று போட்டு
கணக்கில் எழுதிக்கொண்டான்.

உவரிக்குப் போனது சீலா வாங்க.
தொபியாஸ் வலையிலிருந்து கருப்பு முள்ளுருண்டைகளைப்
பிடுங்கிப் பிடுங்கி எறிந்துகொண்டிருந்தான்.
வலையைக் கிழிக்கும், காலில் ஏறினால் மூன்று நாள் காய்ச்சல்.
நான் கேட்டவரை அதற்கு நல்ல பேர் வைத்தவர் இல்லை,
கெட்ட பேர் நிறைய உண்டு.

தாமதி ஓடினான்.
நாற்பது வயது ஆள் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை.
ஒன்றைப் பாறையில் உடைத்தான்.
உள்ளே ஐந்து மஞ்சள் நாக்கு.
விரலால் வழித்து வாயில் போட்டுவிட்டான்.
தொபியாஸ் சிலுவை போட்டான்.
"ஏல, இவன் செத்தா கம்பெனிக்கு நீதாம்ல பதில் சொல்லணும்!"

அவன் கண்ணை மூடி நின்றான்.
அலை முட்டுவரை வந்து போயிற்று,
மறுபடி வந்தது.
"எங்கள் ஊர்ச் சாதி இல்லை இது," என்றான் கடைசியில்.
"அத்தை மகன் முகம் மாதிரி."

எனக்கும் நீட்டினான்.
உப்பு, கொஞ்சம் துருப்பிடித்த இரும்பு, பிறகு ஏதோ வெண்ணெய்.
எனக்குப் பிடிக்கவில்லை, பொய் சொல்ல மாட்டேன்.
தொபியாஸின் ஏழு வயது மகள் ரோஸ்லின்
இன்னொரு விரல் கேட்டாள்.

திரும்பும்போது இருட்டிவிட்டது.
காற்றாடிகளின் சிவப்பு விளக்குகள் எரிந்து அணைந்தன.
தன் பேருக்குத் தமிழில் ஒரு வேலை உண்டென்று
வழியில்தான் அவனுக்குச் சொன்னேன். வெகுநேரம் சிரித்தான்.
விலக்கு வந்தது.
"தாமதி," என்றான்.
என்னைச் சொன்னானா, தன்னையா என்று தெரியாமல்
பிரேக்கில் கால் வைத்தேன்.
சங்கிலிபூதம் அதற்குள்
எட்டு எடுத்துக் கல்லில் போட்டுவிட்டான்.