நாற்பது மீட்டர் கயிறு

போடியில் பஸ் ஏறி
பதினேழு கொண்டை ஊசி வளைவும் சுற்றி
பூப்பாறைக்கு வந்து சேர்ந்தது கயிறு.
பொருளாளர் ஞானாபரணம் பில்லை வெளிச்சத்தில் பிடித்தார்:
"சபைக்குக் கிணறு வெட்டுறோமா?"

இல்லை ஐயா, வாலிபர் முகாம்.
காட்டில் நடப்பது, பாறையில் இறங்குவது,
இரவில் கூடாரம், விடிந்ததும் வேதம்.
சீஷத்துவப் பயிற்சி என்று
மினிட்ஸில் எழுதிக்கொள்ளுங்கள் என்றேன்.
'டூர்' என்று எழுதினார்.

பெயர் கொடுத்தவர்கள் பதினொரு பேர்.
சனிக்கிழமை இருட்டில் பையோடு வந்தது ஐந்து.
ஏலக்காய் டிப்போவில் கணக்கெழுதும் எப்சிபா.
நர்சிங் முடித்து
ஜெர்மன் பரீட்சைக்குப் படிக்கும் மெர்ஸலின்.
வேதாகமக் கல்லூரியை இரண்டாம் வருஷம் விட்டுவந்து
ஜீப் ஓட்டுகிற பாக்கியசீலன்.
அவனோடு நான்கு மாதமாகப் பேசாத
தம்பி லெமுவேல்.
டவர் கிடைக்கும் மேடு எது என்று
கேட்டுக்கொண்டே வந்த ஆசீர்.
பிறகு நான்,
சூரியநெல்லி ரிசார்ட்டில் ஆறு வருஷம்
வந்தவர்களுக்கெல்லாம் சூரியனைக் காட்டிச்
சம்பளம் வாங்கியவன்.

செக்போஸ்ட்டில் வனக்காவலர்
கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
மலையாளத்தில் இருந்த கடிதம்,
மலையாளத்திலேயே சொன்னார்:
அனுமதி போன சனிக்கிழமைக்கு.
மூன்று மாதமாக நான் பார்த்துவைத்த பாறை
அவர் தொப்பிக்குப் பின்னால்
மூடுபனிக்குள் போய்க்கொண்டிருந்தது.

திரும்பலாமா என்றான் ஆசீர்.
எஸ்டேட் ஓரமாக ஒரு ஒற்றையடி இருக்கிறது,
எல்லைக்கல்வரை போகும் என்றாள் எப்சிபா.
சின்ன வயதில் அம்மாவுக்குச் சோறு கொண்டுபோன வழி.
என் வரைபடத்தில் அது இல்லை.

மழை பிடித்தது.
ஏலச்செடிகளின் நடுவே ஒருவர் பின் ஒருவராக
தலை குனிந்து போனோம்.
பின்பற்றுதல், பின்பற்றுதல் என்று
மைக்கில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்.
அந்த மழையில் அதற்கு
முன்னால் போகிறவரின் குதிகால் என்று அர்த்தம்.
அது தூக்கும்போது தூக்கி,
அது வைத்த இடத்தில் வைத்து.
லெமுவேலுக்கு முன்னால் இருந்தது
அவன் அண்ணனின் கிழிந்த ஷூ.

எல்லைக்கல் பாசி பிடித்து
ஒரு பக்கம் சாய்ந்திருந்தது,
எந்த மாநிலத்துப் பக்கம் என்று நான் பார்க்கவில்லை.
அங்கே உட்கார்ந்தபோதுதான்
மெர்ஸலின் அலறினாள். பிறகு நர்ஸானாள்:
"யாரும் பிய்க்காதீங்க. உப்பு எங்க?"

கஞ்சிக்கு வைத்திருந்த உப்பு.
எல்லாருக்கும் ஒரு பொட்டலம்.
என் சாக்ஸுக்குள் மட்டும் ஒன்பது அட்டை.
நிமிர்ந்தபோது
பாக்கியசீலன் சேற்றில் முட்டி போட்டிருந்தான்.
தம்பியின் காலைத் தன் தொடைமேல் வைத்து,
கணுக்காலில், விரலிடுக்கில்,
கிள்ளிக் கிள்ளி உப்பு வைத்தான்.
அட்டைகள் சுருண்டு விழுந்தன.
மழைத்தண்ணீரைக் கையில் ஏந்தி
இரத்தத்தைக் கழுவினான்.

"வலிக்குதாடா?"
"இல்ல. கூசுது."

அன்றிரவு சொல்வதற்கென்று
பதினான்கு பக்கம் எழுதி வைத்திருந்தேன்.
காகிதம் நனைந்து ஒட்டிப்போயிருந்தது,
பிரிக்க முயன்றிருந்தால் பிரிந்திருக்கும்.
முயலவில்லை.
உப்பில்லாத கஞ்சியை ஆறு பேர் குடித்தோம்.
ஆசீருக்கு டவர் கிடைத்தது, தேனிப் பக்கத்து டவர்;
அம்மாவிடம் சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டுப்
போனைப் பைக்குள் போட்டான்.
நடு ராத்திரியில் கூடாரம் ஒழுகியது.
யாரோ சிரித்தார்கள்.
யாரோ ஜெபித்தது போலவும் இருந்தது.

ஞாயிறு ஆராதனை முடிந்து ஞானாபரணம் கேட்டார்:
"பாறையில இறங்கினீங்களா?"
இல்லை.
"எத்தனை பேர் ஒப்புக்கொடுத்தாங்க?"
தெரியவில்லை ஐயா.
அடுத்த தடவைக்கு உப்பு ஒரு கிலோ வேண்டும்.
பேனாவை எடுத்தார், மூடினார்.

கயிறு முதன்முதலாக அவிழ்ந்தது
உடுப்பு அறையில்.
ஜன்னலுக்கு ஜன்னல் மெர்ஸலின் இழுத்துக் கட்டியிருந்தாள்.
பன்னிரண்டு சாக்ஸ், ஆறு மழைக்கோட்டு.
காணிக்கைப் பையோடு உள்ளே வந்த பொருளாளர்
ஒரு நிமிஷம் நின்று,
குனிந்து,
அதன் கீழே நுழைந்து போனார்.