இழுக்காதே

அம்பகாமத்துக் காட்டோரம், எட்டரை மணி வெயில்.
முகக்கவசத்துக்குள்
என்ரை மூச்சே எனக்குத் திரும்பி வருது.
இடது மூக்குத் துவாரத்தாலை ஒரு மயிர்
வெளியே எட்டிப் பார்த்து
மேலுதட்டுத் தழும்பில் ஏதோ எழுதிக்கொண்டிருக்கு.
முழங்காலில் நிக்கிறன்.
கவசத்தைத் தூக்க ஏலாது.
இடைவேளைக்கு இன்னும் இருபது நிமிசம்.
தும்மலாமோ எண்டதுக்குக் கையேட்டில் பதில் இல்லை.

நாற்பத்தொரு வயசு.
தலையிலை கொட்டுறது மூக்கிலை முளைக்குது.
ஆம்பிளையளுக்கு மீசை கிடக்கு, மறைக்கும்.

மாங்குளம் சந்தியில்
புது அட்டைக்குப் படம் எடுத்தன்.
ஸ்ரூடியோப் பொடியன் திரையில் என்ரை முகத்தைப் பெருப்பிச்சான்,
இன்னும் பெருப்பிச்சான்,
மூக்கு ஒரு கிணறு மாதிரி வந்து நிண்டது.
கிணத்து விளிம்பில் ஒரு புல்லு.
"அக்கா, இதை அழிச்சு விடவோ?"
நல்ல பொடியன், மெல்லத்தான் கேட்டவன்.
பின்னாலை வரிசையில் ரெண்டு பேர் நிண்டவை.

அண்டிரவு முள்வாங்கியை எடுத்தன்.
சூரை முள்ளு, காரை முள்ளு,
ஒருக்கா மகன்ரை குதிக்காலுக்குள் கிடந்த போத்தல் ஓடு
எல்லாம் எடுத்த முள்வாங்கி.
கழுவவும் இல்லை.
கண்ணாடியை லைற்றுக்குக் கிட்டப் பிடிச்சு
ஒரே இழுவை.

வலது கண் சும்மா இருக்க
இடது கண் மட்டும் அழுதது.
ஏழு தும்மல்.
பிறகு அதுக்குப் பக்கத்தில் நிண்டதையும் இழுத்தன்.
அதுக்கும் பக்கத்தில் நிண்டதை.
வேரிலை ஒரு வெள்ளைக் குமிழ்.
வெளிச்சத்தில் தூக்கிப் பிடிச்சு ரசிச்சன், விசரி.

மூண்டாம் நாள் மூக்கு நுனி மிளகாய்ப்பழம்.
நாலாம் நாள் காய்ச்சல்.
அணித்தலைவி தர்மசீலி
கவசம் மாட்ட வந்தவளை ஒரு பார்வை பார்த்திட்டு
"வீட்டை போ" எண்டாள்.

ஆஸ்பத்திரியில் டொக்டர் சிங்களப் பிள்ளை.
படிச்சுப் பழகின தமிழ்,
சொல்லை ஒவ்வொண்டாய் எடுத்து மேசையில் வைச்சா:
"அம்மா, அமத்த வேணாம்.
அந்த இடத்து ரத்தம் மூளைப் பக்கமும் போகும்.
மயிர் வேணும். தூசி நிப்பாட்டும்.
நீளமானது வெட்டுங்க, நுனி மட்டும்.
இழுக்க வேணாம்."

எனக்குச் சிரிப்பு வந்தது,
சிரிக்க மூக்கு விடேல்லை.
ஒன்பது வருசமாய்
புதுசாய் வாற பிள்ளையளுக்கு நான் சொல்லுற முதல் வசனம் அது.
மண்ணுக்குள் கம்பியொண்டு தெரிஞ்சால்,
மற்ற முனை எங்கை எண்டு தெரியாமல்,
இழுக்காதே.
சொன்ன வாய்க்கு ஒரு விரற்கடை மேலை
நானே இழுத்திருக்கிறன்.

ஏழு நாள் குளிசை. பூசுறதுக்குக் களிம்பு.
பக்கத்துக் கடையில்
குழந்தையளுக்கு நகம் வெட்டுற கத்தரிக்கோல்,
நுனி உருண்டது,
பிடியில் மஞ்சள் வாத்து.
"பேரப்பிள்ளைக்கோ?"
ஓம் எண்டன்.

இப்ப ஞாயிற்றுக்கிழமை காலமையில்
மூக்கைச் சீறி, முகம் கழுவி,
ஸ்பிரிட்டாலை வாத்தின்ரை வாயைத் துடைச்சு,
யன்னல் வெளிச்சத்துக்குத் தலையை நிமிர்த்தி
மூச்சைப் பிடிக்கிறன்.
எல்லை தாண்டினது மட்டும்.
உள்ளுக்கு நிக்கிறது நிக்கட்டும்.
எத்தனையோ காவலரண் பார்த்திட்டன் இந்த நிலத்தில்,
எனக்காக நிக்கிறது இது ஒண்டுதான்.
மகன் கதவைத் தள்ளினால்
"அசையாதை!" எண்டு கத்துறன், வேலைக் குரலில்.
காலைத் தூக்கினபடி நிக்கிறான் அவன்.

ஆடிக் காத்து.
பின்னேரம் கைலேஞ்சியில் சீறினால் செம்மண்.
நெஞ்சுக்குப் போக வெளிக்கிட்டது.
சில நாளில் கறுப்பும் இருக்கு.
எது எரிஞ்ச கறுப்பு எண்டு நான் கேக்கிறேல்லை.

போன கிழமை அட்டை வந்தது.
பொடியன் கேட்டிட்டு, பதிலுக்கு நிக்காமல் அழிச்சிருக்கிறான்.
மயிரோடை சேர்த்து
மேலுதட்டுத் தழும்பையும்.
அது வந்த நாளை நான் ஒருத்தருக்கும் சொன்னதில்லை.

வாசலில் நிண்டவர் அட்டையைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்,
திரும்ப அட்டையைப் பார்த்தார்.
"ஆள் நீங்கள்தானோ?"

கிட்ட வந்து பாருங்கோ எண்டன்.