நாலேகால் படகு

குய்வஸ்துத் துறையில் நான் சீட்டுக் கிழிப்பவள்.
சூனியக்காரி என்பது விடுமுறை நாள் வேலை,
அதற்குச் சீருடை கிடையாது.

ஆர்வோ வந்தது அக்டோபரின் கடைசிச் செவ்வாய்.
தேய்பிறை. எதையாவது குறைக்க வேண்டுமென்றால்
நல்ல நாள்தான்.
"நாய்" என்றான். தொப்பியைக் கழற்றினான்.
மறுபடி போட்டுக்கொண்டான்.

எனக்குத் தெரியும் அந்த நாயை.
மூரி.
ஹெய்க்கி தினமும் பெருநிலத்திலிருந்து
நாலேகால் படகில் திரும்புவான்.
ஆகஸ்டில் ஒருநாள் திரும்பவில்லை.
தம்பிக்குத் தொலைபேசி வந்தது.
நாய்க்கு யாரும் சொல்லவில்லை.
இறங்கும் கார்களின் சக்கரங்களை
ஒவ்வொன்றாய் முகர்ந்துவிட்டு
காலிப் பாலத்தில் உட்கார்ந்திருக்கும்,
நான் சங்கிலி மாட்டும்வரை.

"காசு வேண்டாம்" என்றேன்.
"ஹெய்க்கியின் கம்பளிச் சட்டை ஒன்று, துவைக்காதது.
அவன் நீந்திய கரையிலிருந்து ஒரு கல்.
ஒரு சுமை பிர்ச் விறகு.
காற்று தள்ளிய மரமென்றால் வேண்டாம்,
அதற்கு ஏற்கெனவே கோபம்."

மாசிபத்திரி என்னிடம் இருந்தது,
யோவான் நாளின் முந்திய இரவு பறித்து
அடுப்புக்கு மேல் தலைகீழாய்த் தொங்கியது.
ஜூனிபர் இந்தத் தீவில் கேட்காமலே காலில் குத்தும்.
யாரோ மட்டும் போதவில்லை.
வெள்ளைப் பூ, இறகு போன்ற இலை,
காயத்தை மூடும் செடி.
ஒரு பிடிதான் மிச்சம்.
நாய்க்கு இது போதும் என்று நினைத்தேன்.

நெருப்பை நான் கைதூக்கி அழைப்பதில்லை.
தீக்குச்சி உரசினால் வருகிறது.
ஆறு மணி நேரம் கற்கள் காய்ந்தன.
குளியல் குடிலின் கதவைச் சாத்தினேன்:
உள்ளே நாய், அவன், நான்.
கிணற்றுநீரை ஊற்றினேன்.
எழுந்தது ஆவி.
எந்த ஆவி என்று ஆர்வோ கேட்கவில்லை.
மூரி மட்டும் காதை நிமிர்த்தியது.

சட்டையின் இடதுகையைப் பிரித்தேன்,
முழங்கை, மணிக்கட்டு, கடைசி முடிச்சுவரை.
நூலையும் செடியையும் கல்லில் சுற்றிக்
குனிந்து நாயின் காதில் சொன்னேன்.
என்ன சொன்னேன் என்பதை
இங்கே எழுத மாட்டேன்.
அது மூன்று முறை தும்மியது.
விடிவதற்குள் கல் கடலுக்குப் போயிற்று.

மறுநாள் நாலேகாலுக்கு நாய் இல்லை.
சாப்பிட்டதாம். மேசைக்கடியில் குறட்டை விட்டதாம்.
சொன்னவன் ஆர்வோ,
பாலத்தருகே நின்றுகொண்டு.
"வருகிறதா என்று பார்க்க வந்தேன்" என்றான்.
புதன்கிழமையும் அதையே சொன்னான்.
வியாழன் எதுவும் சொல்லவில்லை.
மேலங்கி காற்றில் விலகியபோது பார்த்தேன்,
உள்ளே அந்தச் சட்டை.
ஒரு கை இருந்தது. ஒரு கை இல்லை.

எனக்கு உறைத்தது.
நெருப்பு எரிக்கும், நீர் கரைக்கும், மண் மூடும்,
எல்லாம் சரி.
ஆனால் காற்று எதையும் அழிப்பதில்லை,
இடம் மாற்றி வைக்கும், அவ்வளவே.
மூடிய கதவுக்குள் மூச்சு விட்டவர்களை
நான் எண்ணாமல் விட்டேன்.
ஒரு நாய்க்கு அளந்த மருந்து.

நவம்பர், டிசம்பர்.
பனி விழ அவன் தோளில் தங்கும்.
கடைசிக் கார் இறங்கியதும்
எனக்குத் தலையசைத்துவிட்டுப் போவான்.
நானும் அசைப்பேன்.
வேறு பேச்சில்லை.

ஜனவரியில் ஒரு வெள்ளி,
நாலேகாலுக்குத் துறை வெறிச்சென்றிருந்தது.
காய்ச்சல் என்று பிறகு தெரிந்தது.
அப்போது தெரியாதல்லவா?
கார்கள் இறங்கின, ஏறின.
சங்கிலி கையிலேயே இருந்தது.
கேப்டன் ஒருமுறை ஊதினார்.
இன்னொரு முறை ஊதினார்.
"ஹெல்யு, யாருக்காக நிற்கிறாய்?"

சங்கிலியை மாட்டினேன்.
விரல் நசுங்கியது.
இரத்தம் கட்ட வீட்டில் ஒரு இலைகூட இல்லை.
யாரோ பூக்க
இன்னும் ஆறு மாதம்.