கதவோரம் கொஞ்சம்

யார்க்டனில் வியாழக்கிழமை வரும் பத்திரிகைக்கு
வரி விளம்பரம் வாங்கிப் போடுவது என் வேலை.
சொல்லுக்கு நாற்பது சென்ட்.
பிழை திருத்துவது இலவசம்.

குறைந்த மைல் என்பதில் ஓர் எழுத்து கூடி
குறைந்த ஸ்மைல் ஓடிய வண்டி என்று வரும்.
விற்பவள் கவுண்டரில் நிற்பாள்.
முகத்தைப் பார்த்தால்
சரியாகத்தான் எழுதினாளோ என்றிருக்கும்.
புது பிரேக் என்பார் ஒருவர்,
நிறுத்துகிற பிரேக் அல்ல, உடைகிற பிரேக்.
பொட்டாஷ் சுரங்கத்தில் வேலை போன பையன்
'அவசரம்' என்பதை மூன்று விதமாக எழுதி
மூன்றையும் அடித்துவிட்டு
விலையில் ஐந்நூறு குறைத்திருந்தான்.

டாரில் கிம்பலின் தாளில் மட்டும்
ஒரு கால்புள்ளிகூட இடம் தப்பவில்லை.
சர்வீஸ் தேதிகள், டயரின் வயது,
'நிதானமாக ஓட்டப்பட்டது.'
சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு
நானே வாங்கினேன்.
மார்ச்சில், ரயில் பாதையைத் தாண்டும்போது
அடிச்சட்டம் இரண்டாகப் போயிற்று.
மெக்கானிக் ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார்;
புதுக் கறுப்பு பெயின்ட்
அப்பளமாக உதிர்ந்தது.

அடுத்த வாரம் ஓரெஸ்ட் ஹ்னாட்யுக்கின் தாள்.
தீவன ரசீதின் பின்பக்கம், பென்சிலில்:
தொண்ணூற்றெட்டு மாடல் பிக்கப்.
ஹீட்டர் ஒரு பக்கம்தான்.
கதவோரம் கொஞ்சம் ட்ரஸ்ட்.

ரஸ்ட் என்று எழுத வந்தவர்.
முன்னால் ஓர் எழுத்து
சாலைக்குத் தூவும் உப்பு மாதிரி
எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டிருந்தது.
பேனா நுனியை அதன்மேல் வைத்தேன்.
எடுத்துவிட்டேன், பேனாவை.

வெள்ளிக்கிழமை எடிட்டர் கத்தினார்.
பதினொரு போன் வந்ததாம் ஹ்னாட்யுக்குக்கு.
ஒன்பது பேர் சிரிப்பதற்கு.
ஒருவர், 'இன்னும் இருக்கிறதா?' என்று மட்டும் கேட்டார்;
எதைக் கேட்கிறார் என்று இவருக்குப் புரியவில்லை.
பதினொன்றாவது நான்.

ஏப்ரல் சேறு. முழங்காலிட்டு
டார்ச் அடித்துக் காட்டினார்.
'இங்கே. இங்கேயும்.
அந்தப் பக்கம் நின்றால் தெரியாது, குனியுங்கள்.'
குனிந்தேன்.
எழுதியபடியே இருந்தது.

ரசீதில் என் பெயரில்
ஓர் எழுத்தை விட்டுவிட்டார்.
இன்ஷூரன்ஸ் அட்டையிலும் இப்போது அதே பெயர்தான்.
வண்டி ஓடுகிறது.
ஹீட்டர் ஒரு பக்கம்தான்.
என் பக்கம் அல்ல.